ஊருக்குப் பதில் சொல்லுமா எல்கேப்?

கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. இவை வருவாய் மாவட்டங்கள் அல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த தனி உள்ளாட்சிகள். ஒன்று சிற்றூர் அளவே இருக்கும், இன்னொன்று லாஸ் ஏஞ்சலஸ் அளவுக்கு விரிந்திருக்கும். ஊர்மக்கள் வாக்களித்து அமைக்கும் வாரியம் கொள்கையை வகுக்கிறது. வாரியம் அமர்த்தும் கண்காணிப்பாளர் நிர்வாகத்தை நடத்துகிறார். ஒவ்வொரு வாரியமும் ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் ஓர் ஏட்டுக்கு ஒப்புதல் தந்தாக வேண்டும். உள்ளூர்க் கட்டுப்பாடு மற்றும் பொறுப்புடைமைத் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். ஆசிரியர் முதல் அதிகாரி வரை எல்லோரும் அதை எல்கேப் என்றே சொல்கிறார்கள்.

மூன்றாண்டுக்கு இலக்கு வகுப்பதும், அந்த இலக்குக்குப் பணத்தை ஒதுக்குவதும், சென்ற ஆண்டு சொன்னதில் எது நடந்தது என்று ஊருக்குக் கணக்குச் சொல்வதும் இந்த ஒரே ஏட்டின் வேலைகள். பொதுக்கல்வியில் திட்டத்தையும் பதில்சொல்லும் கடமையையும் ஒரே சட்டத்தில் பிணைத்த முயற்சிகளில் இது போல் துணிவானவை அரிது. அதனால்தான் இதைச் சலுகையின்றி எடைபோட வேண்டும். திட்டம் என்று ஒன்றைச் சொல்ல, அது சிலவற்றைத் தேர்ந்து பலவற்றை விட்டிருக்க வேண்டும். கணக்கு என்று ஒன்றைச் சொல்ல, படிப்பவர் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். இந்த இரண்டு அளவுகோல்களும் போதும்.

முதலில் ஏட்டுக்குப் பின்னால் நிற்கும் நிதி வாய்பாடு. பள்ளி நிதியின் ஏற்றத்தாழ்வை எதிர்த்த செர்ரானோ வழக்கில் 1971 முதல் வந்த தீர்ப்புகள், சொத்து வரியை 1 விழுக்காட்டுக்குள் கட்டிய 1978-இன் 13-ஆம் முன்மொழிவு, அதன்பின் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து வந்து குவிந்த தனித்தனித் தலைப்பு மானியங்கள் என்ற வரலாறு துறையறிந்தவர்களுக்குத் தெரிந்ததே. நூலகத்துக்கு ஒரு மானியம், ஆலோசகருக்கு ஒரு மானியம், ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிப் படிவம். மாவட்டங்கள் யோசிப்பதை விட்டுவிட்டுப் படிவம் நிரப்பின. 2008-இல் ஆலன் பெர்சின், மைக்கேல் கர்ஸ்ட், குட்வின் லியூ மூவரும் எழுதிய ஆய்வுரை இந்த மானியக் காட்டை வெட்டி எளிய வாய்பாடு ஒன்றை முன்வைத்தது. ஆளுநர் ஜெரி பிரவுன் 2013 ஜூலையில் அதைச் சட்டமாக்கினார். அப்போது கர்ஸ்ட் மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவர்.

இந்த வாய்பாட்டின் நேர்த்தி அதன் எண்ணிலேயே தெரிகிறது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், அரசு ஏற்பாட்டில் வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகள் ஆகிய மூன்று வகையினரையும் இருமுறை எண்ணாமல் எண்ண வேண்டும். ஒரு மாவட்டத்தில் இவர்கள் 80 விழுக்காடு என்று கொள்வோம். அடிப்படை மானியத்தில் 20 விழுக்காட்டை இந்த 80 விழுக்காட்டால் பெருக்கினால் 16 விழுக்காடு துணை மானியம். 55 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பங்குக்குச் செறிவு மானியம் உண்டு. 80-இல் 55 போக 25. அதில் 65 விழுக்காடு என்றால் 16.25. இரண்டும் சேர்ந்து அடிப்படைக்கு மேல் 32.25 விழுக்காடு. அடிப்படை மானியத்தை எளிமைக்காக ஒரு மாணவருக்கு 10,000 டாலர் என்று வைத்தால், மாவட்டத்துக்கு ஒவ்வொரு மாணவர் தலைக்கும் 3,225 டாலர் கூடுதல். இதைக் கணக்கிடப் பத்து நிமிடம் போதும். எந்தக் குடிமகனும் செய்து பார்க்கலாம். தொடக்கத்தில் 50 விழுக்காடாக இருந்த செறிவு மானியம் 2021-இல் 65 ஆனது. கூடிய அந்த 15 விழுக்காட்டை, தேவை மிகுந்த பள்ளிகளில் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யும் ஊழியரைப் பெருக்கவே செலவிட வேண்டும் என்று சட்டம் விதித்தது. பொதுநிதியில் நீதி பற்றிப் பேசுவோர் பலர். நீதியைப் பெருக்கல் வாய்பாடாக்கிச் சட்டத்தில் எழுதியவர் சிலர். இது அந்தச் சிலரின் வேலை.

பலனும் இருக்கிறது. பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் ரக்கர் ஜான்சன், ஷான் டானருடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கூடுதல் பணம் பள்ளிப் படிப்பை முடிப்போரின் விகிதத்தை உயர்த்தியது என்றும், வறிய பிள்ளைகளிடம் அந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது என்றும் காட்டியது. பணம் பயன்படுமா என்ற பழைய வாதத்தில் இது எளிதில் தள்ள முடியாத சான்று.

ஆனால் பணம் மாவட்டத்துக்கு வருவது வேறு, பள்ளிக்குப் போய்ச் சேருவது வேறு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் எல்கேப் பிறந்தது. தலைநகரின் விதிகளை நீக்கிவிட்டோம், இனி உங்கள் ஊரே உங்களைக் கண்காணிக்கட்டும் என்பது 2013-இன் ஒப்பந்தம். மாநிலம் தன் கையை எடுத்த இடத்தில் ஊரின் கை வர வேண்டும். அந்தக் கைக்கு எல்கேப் எந்தக் கருவியைக் கொடுத்தது?

ஏட்டைத் திறந்தால் முதலில் தெரிவது அதன் பருமன். பெரிய மாவட்டங்களில் அது சில நூறு பக்கங்களைத் தொடுகிறது. ஒவ்வொரு இலக்கின் கீழும் ஓர் அட்டவணை. நடவடிக்கையின் எண், தலைப்பு, விளக்கம், மொத்தத் தொகை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அந்தச் செலவு தேவை மிகுந்த பிள்ளைகளுக்கான கூடுதல் சேவைக் கணக்கில் சேருமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை. தணிக்கையாளருக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். தன் பிள்ளை படிக்கும் பள்ளியில் என்ன மாறும் என்று அறிய வரும் தாய்க்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டு வாசகருக்காக எழுதப்பட்ட ஏடு ஒருவருக்கு மட்டுமே பயன்படுகிறது. அந்த ஒருவர் ஊர்க்காரர் அல்ல.

குறையை மாநிலமும் உணர்ந்தது, திருத்தவும் முயன்றது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2014, 2016, 2020 என்று படிவத்தை மீண்டும் மீண்டும் மாற்றினார்கள். பெற்றோருக்கான வரவுசெலவுச் சுருக்கம் என்று சில பக்கத் தனித்தாளை 2018-இல் சட்டம் கட்டாயமாக்கியது. 2020-இன் படிவம் இலக்குகளை வகை பிரித்தது: பரந்த இலக்கு, குவிந்த இலக்கு, எட்டிய நிலையைக் காக்கும் இலக்கு. திட்டக்கலையின் நோக்கில் இந்த மூன்றாம் வகை பாராட்டத்தக்கது. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் முன்னேற்றுவதாகப் பாசாங்கு செய்ய வேண்டாம், சிலவற்றைக் காத்தால் போதும் என்று அது மாவட்டத்துக்கு உரிமை தருகிறது. தேர்ந்தெடுக்கும் ஒழுங்கு அங்கேதான் தொடங்க முடியும்.

தொடங்கியதா? பெரும்பாலும் இல்லை. மாநில முன்னுரிமைகள் எட்டு: ஆசிரியர் தகுதியும் கட்டட நிலையும், பாடத்தரத்தை நடைமுறைப்படுத்தல், பெற்றோர் பங்கேற்பு, மாணவர் அடைவு, வருகையும் ஈடுபாடும், பள்ளிச் சூழல், பாடங்களுக்கான வாய்ப்பு, பிற விளைவுகள். இந்த எட்டில் எதையும் தொடாமல் விட மாவட்டத்துக்கு உரிமையில்லை. எட்டையும் தொட்டாக வேண்டிய ஏடு எதையும் தேர்வதில்லை. எல்லாத் துறையும் தன் வழக்கமான வேலையை ஏதோ ஓர் இலக்கின் கீழ் பொருத்திக்கொள்கிறது. பத்து ஆண்டுகளாக நடந்துவரும் வாசிப்புத் திட்டம் புதிய நடவடிக்கை எண்ணோடு மீண்டும் தோன்றுகிறது. இதற்கு மாவட்டங்களை மட்டும் குறைசொல்வது தவறு. எழுதச் சொன்ன விதமே அப்படி. இருந்தும் 2023-இல் வந்த ஒரு விதி இந்த நோய்க்கு நேரான மருந்து. மூன்றாண்டு காலத்தில் பலன் தராத நடவடிக்கையை மாவட்டம் அப்படியே தொடரக் கூடாது. மாற்ற வேண்டும், மாற்றியதை விளக்கவும் வேண்டும். பலன் தந்ததா என்பதையும் மாவட்டமே தீர்மானிப்பதால் மருந்தின் வீரியம் குறைகிறது. ஆனாலும் இது சரியான திசையில் வைத்த அடி.

அடுத்தது காலம். இது சிறு விஷயம் போலத் தோன்றும். என் கணிப்பில் ஏட்டின் கட்டமைப்புக் குறைகளில் இதுவே பெரியது. மாநில வரவுசெலவு ஜூனில் முடிவாகிறது. மாவட்டத்தின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. எல்கேப்புக்கு ஒரு கூட்டத்தில் பொது விசாரணை, இன்னொரு கூட்டத்தில் ஒப்புதல் என்பது சட்டம். ஆகவே இரண்டும் ஜூன் மாதத்தில், பெரும்பாலும் பள்ளி மூடும் வாரங்களில் நடக்கின்றன. ஆனால் அந்த வசந்தகாலத்தில் பிள்ளைகள் எழுதிய மாநிலத் தேர்வின் முடிவுகள் இலையுதிர் காலத்தில்தான் வெளிவரும். அதாவது ஓராண்டு முயற்சியின் பலனைப் பார்ப்பதற்கு முன்பே அடுத்த ஆண்டின் முயற்சிக்கு ஒப்புதல் வாங்கப்படுகிறது. மீளாய்வு என்ற பெயரில் அங்கே நடப்பது முந்தைய ஆண்டின் எண்களை வாசிப்பது மட்டுமே. பிப்ரவரி இறுதிக்குள் வாரியத்தின் முன் இடைக்கால அறிக்கை வைக்க வேண்டும் என்ற பிற்காலச் சேர்க்கை இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. அந்தப் பிப்ரவரிக் கூட்டத்தில் எதையும் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

ஏடு வாரியத்தில் நிறைவேறியதும் மாவட்டத்துக்கு மேலுள்ள கவுண்டி கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே முக்கியமாகப் பார்ப்பவை: படிவ அறிவுறுத்தல் பின்பற்றப்பட்டதா, சொன்னவற்றைச் செய்ய வரவுசெலவில் பணம் இருக்கிறதா, கூடுதல் சேவை விதி மதிக்கப்பட்டதா. இலக்கு அறிவார்ந்ததல்ல, இந்த ஊருக்கு இது தேவையில்லை என்று சொல்லி ஏட்டை மறுக்கும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு இல்லை. உள்ளூர்ச் சுதந்திரத்தை மதிக்கும் கொள்கையின் விளைவு இது, கொள்கையாகச் சரியே. ஆனால் தரத்தை மேலே எவரும் எடைபோடுவதில்லை என்றால் அந்தப் பொறுப்பு முழுவதும் கீழே, ஊரின்மேல் விழுகிறது. ஊருக்குக் கொடுத்த அதிகாரம் என்ன? ஒவ்வொரு மாவட்டமும் பெற்றோர் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். ஆங்கிலம் கற்போர் 15 விழுக்காடும் ஐம்பது பேருமாவது இருந்தால் அவர்களின் பெற்றோருக்குத் தனிக் குழு வேண்டும். குழுக்களின் கருத்துக்குக் கண்காணிப்பாளர் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். எழுத்தில் பதில் என்பது நல்ல ஏற்பாடு. வாய்ப்பேச்சைவிடத் தாளில் இருப்பதை மறுநாளும் காட்டிக் கேட்கலாம். இருந்தும் அந்தப் பதிலை வாரியம் தனியே விவாதித்து வாக்களிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கேள்வி கேட்கும் உரிமை தரப்பட்டது, முடிவை அசைக்கும் உரிமை தரப்படவில்லை.

இதைவிடத் தெளிவான சான்று பள்ளிகளின் நிலையை இணையத்தில் காட்ட 2017 முதல் மாநிலம் வெளியிடும் டாஷ்போர்டில் இருக்கிறது. சிவப்பில் தொடங்கி நீலத்தில் முடியும் ஐந்து வண்ணங்கள். இப்போதைய நிலையையும் முன்னாண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்து வண்ணம் தரப்படுகிறது. ஒரே எண்ணால் பள்ளியை வரிசைப்படுத்திய பழைய முறையோடு ஒப்பிட்டால் இது அறிவிலும் அறத்திலும் மேலானது. தேர்வு முடிவோடு நில்லாமல், தொடர்ந்து பள்ளிக்கு வராதவர் எத்தனை பேர், இடைநீக்கம் எவ்வளவு என்பதையும் மாணவர் பிரிவு வாரியாகக் காட்டுகிறது. பின்தங்கிய மாவட்டத்துக்குத் தண்டனை தராமல் உதவி தருகிறது. ஆனால் பெற்றோர் பங்கேற்பு அங்கே உள்ளூர் அளவீடு என்ற வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்டம் தன்னைத் தானே மதிப்பிட்டு, அதை வாரியக் கூட்டத்தில் அறிவித்து, தளத்தில் பதிவேற்றினால் ‘நிறைவேறியது’ என்று குறிக்கப்படும். மதிப்பீட்டில் மாவட்டம் தனக்கு எத்தனை தாழ்ந்த மதிப்பெண் போட்டுக்கொண்டாலும் நிறைவேறியதே. உள்ளூர்ப் பொறுப்புக்கென்றே எழுந்த ஓர் அமைப்பில், ஊரோடு உள்ள உறவை அளக்கும் அளவுகோல்தான் எல்லாவற்றிலும் தளர்வானது. இதை வடிவமைத்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள். பங்கேற்பை எண்ணால் அளப்பது கடினம் என்பதும் உண்மை. கடினமானதை அளக்காமல் விட்டுவிட்டு அளந்ததாகக் குறிப்பதை மட்டும் திறனாய்வு ஏற்க முடியாது.

பணத்தின் தடம் எங்கே மறைகிறது என்பதற்கு இரண்டு பொது ஆவணங்கள் சாட்சி. முதலாவது லாஸ் ஏஞ்சலஸ் வழக்கு. தேவை மிகுந்த பிள்ளைகளுக்கான பணத்தைக் கணக்கிடும்போது, ஏற்கெனவே சிறப்புக் கல்விக்குச் செலவான தொகையையும் அந்த மாவட்டம் சேர்த்துக்கொண்டது என்று 2015-இல் தெற்கு லாஸ் ஏஞ்சலஸின் சமூக அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2017-இல் ஐம்பது பள்ளிகளுக்கு 15 கோடியே 10 லட்சம் டாலர் செலவிடும் உடன்பாட்டில் அது முடிந்தது. ஊர் கேட்டது, வென்றது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வென்ற இடம் நீதிமன்றம். ஜூன் மாத விசாரணை அறை அல்ல. வழக்கறிஞர்களின் துணையில்லாத ஒரு பெற்றோர் குழு அதே ஏட்டை வைத்துக்கொண்டு அதே உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, மாநிலத் தணிக்கையாளர் 2019 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை. க்ளோவிஸ், ஓக்லாந்து, சான் டியேகோ ஆகிய மூன்று மாவட்டங்களை ஆராய்ந்த அது, தேவை மிகுந்த பிள்ளைகளுக்கான பணம் அவர்களுக்கே பயன்படுவதை மாநிலத்தின் அணுகுமுறை உறுதிசெய்யவில்லை என்று முடிவுகட்டியது. ஓராண்டில் செலவாகாமல் மிஞ்சிய கூடுதல் மானியம் அடுத்த ஆண்டில் பொது நிதியோடு கலந்து அடையாளம் இழந்துவிடும் என்பது அதன் கூர்மையான கண்டுபிடிப்பு. எட்டு ஆண்டுகள் இந்த ஓட்டை திறந்தே இருந்தது. அடைக்க முயன்ற மசோதாவை ஆளுநர் நியூசம் 2020-இல் திருப்பி அனுப்பினார். அதன்பின் 2021-இல் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கடமையாகக் கொண்டுசெல்லும் அட்டவணை சட்டத்தில் வந்தது. திருத்தம் வந்தது நல்லது. ஆனால் அதைக் கொண்டுவந்தது வெளித்தணிக்கை. எல்கேப் தன் குறையைத் தானே காட்டவில்லை. கணக்கு ஏடு ஒன்றுக்கு இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு இருக்க முடியாது.

கூடுதல் சேவை விதியின் வாசகமும் இந்தத் தளர்வுக்கு இடம் தருகிறது. நம் எடுத்துக்காட்டு மாவட்டம் 32.25 விழுக்காடு கூடுதல் பணம் பெறுகிறது. அதே விகிதத்தில் சேவையை அளவில் பெருக்கலாம் அல்லது தரத்தில் மேம்படுத்தலாம் என்கிறது சட்டம். அளவை எண்ணலாம். தரத்தில் 32 விழுக்காடு மேம்பாடு என்றால் என்ன? மாவட்டம் முழுவதற்கும் பொதுவான ஒரு செலவைக்கூட, முதன்மையாகத் தேவை மிகுந்த பிள்ளைகளை நோக்கியது என்று ஒரு பத்தி எழுதி இந்தக் கணக்கில் சேர்க்க முடிகிறது. சில நேரம் அந்தப் பத்தி நேர்மையான வாதம். சில நேரம் வெறும் சொல்லடுக்கு. இரண்டையும் பிரித்தறிய வாசகனுக்கு ஏடு எந்தச் சான்றும் தருவதில்லை. கலிஃபோர்னியப் பொதுக்கொள்கை நிறுவனத்தின் ஆய்வாளர்களும், இந்த மானியத்தை ஈட்டிய பள்ளிக்கே அது முழுதாகப் போய்ச் சேரவில்லை, மாவட்டத்துக்குள் பரவிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஊருக்குப் பிடிக்காவிட்டால் வாக்கால் மாற்றலாம், ஏட்டில் எல்லாம் இருக்க வேண்டியதில்லை என்பார்கள். கொள்கையளவில் வலுவான வாதம். ஆனால் உறுப்பினரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு, ஏடு ஆண்டுதோறும் வருவது. எந்த வாக்குறுதி எந்தப் பள்ளியில் நின்றுபோனது என்று ஏட்டிலிருந்து தெரியாவிட்டால் வாக்காளர் எதை வைத்துத் தீர்ப்பளிப்பார்? தேர்தலுக்குக் கணக்கு துணையாகலாம். கணக்கின் வேலையைத் தேர்தல் செய்யாது.

பள்ளிவாரிச் செலவைத் திரட்டுவது இயலாத காரியமும் அல்ல. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் ஒருவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை வெளியிட வேண்டும் என்று 2015-இன் கூட்டாட்சிச் சட்டமே கோருகிறது. எண்கள் தனியே ஓரிடத்தில் கிடக்கின்றன, எல்கேப் தனியே ஓரிடத்தில் கிடக்கிறது. அவற்றை இணைத்து, அடிப்படை மானியம் இவ்வளவு, கூடுதல் மானியம் இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஒரே பக்கம் போதும். சில நூறு பக்கங்களால் ஆகாத வேலையை அது செய்யும்.

என் தீர்ப்பு இது. வாய்பாடு நிலைத்து நிற்கத்தக்க சாதனை. அதைத் தொட வேண்டாம். திட்டமாக எல்கேப் பாதி வழியில் நிற்கிறது. எட்டு முன்னுரிமைகளையும் ஆண்டுதோறும் நிரப்பச் சொல்லும் கட்டாயத்தைத் தளர்த்தினால் அது முன்னே நகரும். கணக்காக அது தேறவில்லை. திட்டத்தையும் கணக்கையும் இரண்டு ஏடுகளாகப் பிரித்து, கணக்கைத் தேர்வு முடிவுகள் கையில் இருக்கும் இலையுதிர் காலத்துக்கு மாற்றி, பள்ளிவாரியாக எழுதும்வரை தேறவும் செய்யாது.

அந்த மாற்றம் வரும்வரை ஒன்று செய்யலாம். பே ஏரியாவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் சாக்ரமென்டோவிலும் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதைப் படிக்கக்கூடும். ஜூனில் உங்கள் வாரியம் நடத்தும் பொது விசாரணைக்குப் போங்கள். இந்த ஆண்டுக் கூடுதல் மானியத்தில் என் பிள்ளையின் பள்ளிக்கு வந்தது எவ்வளவு, சென்ற ஆண்டு மிஞ்சியது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.